பொரித்த எண்ணெயில் எரியும் பர்னர்: எட்டு மாதம் பயன்படுத்திய பின் எழுதுவது

குமரி மாவட்டத்தில், தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே, நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, எங்கள் குடும்பத்தின் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் கூடம் இருக்கிறது. கடந்த மே மாதம், கோட்டாறு பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் தாமே வடிவமைத்துச் செய்து தரும் எண்ணெய் பர்னர் ஒன்றை 14,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பொரித்துக் கழித்த சமையல் எண்ணெயே அதற்கு எரிபொருள். ஓணத்துக்கு முந்தைய நெருக்கடி, இரண்டு பருவமழைகள், மார்கழிக் குளிர் ஆகிய எல்லாவற்றையும் அது எங்கள் கூடத்தில் பார்த்துவிட்டது. இதைப் போன்ற பர்னரை வாங்கலாமா என்று பேக்கரிக்காரர்களும் முறுக்குக் கடைக்காரர்களும் அடிக்கடி என்னிடம் கேட்பதால், நான் கண்டதை விரிவாகவே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வடிவமைப்பு மிக நன்று, முதலில் வந்த நிலையில் அதில் ஒரு பெரிய குறை இருந்தது, அந்தக் குறை இப்போது தீர்க்கப்பட்டுவிட்டது, ஆனாலும் எண்ணெயை வடிகட்டித் தெளிய வைக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஏற்றதாக இருக்காது.

இது எங்கள் முதல் எண்ணெய் பர்னர் அன்று. அப்பா காலத்தில் ரப்பர் விறகும் கொதும்பும் சிரட்டையும்தான் அடுப்பில் எரிந்தன. பின்னர், பத்து ஆண்டுகளுக்கு முன், வெளியூர் வியாபாரி ஒருவரிடம் ஒரு பழைய பாணி பர்னர் வாங்கினோம். ஓர் இரும்புக் கிண்ணம், அதன் மேல் சொட்டும் எண்ணெய்க் குழாய், பக்கவாட்டில் ஒரே துளை வழியாகக் காற்றை அடிக்கும் புளோயர் ஆகியவை மட்டுமே அதில் இருந்தன. தீ பெரிதாக வரும். ஆனால் மஞ்சளாக, நுனியில் கரும்புகை விட்டுக்கொண்டு வரும். சட்டியின் அடியில் விரல் கனத்துக்குக் கரி படியும். கிண்ணத்தில் தினமும் கரிக்கட்டி இறுகி, உளியால் கொத்தித்தான் எடுக்க வேண்டும். தீயைக் குறைக்க வால்வைத் திருகினால் அணைந்துவிடும். அணைந்தபின் சூடான கிண்ணத்தில் எண்ணெய் சொட்டிக் கண் எரியும் வெண்புகையாகக் கூடத்தை நிரப்பும். ஒன்றரை ஆண்டில் அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு வணிக கேஸ் சிலிண்டருக்கு மாறினோம்.

சிப்ஸ் பொரிக்கும் அடுப்புக்கு என்ன தேவை என்பதைச் சொன்னால்தான் இந்தப் புதிய பர்னரின் அருமை விளங்கும். எங்கள் சட்டி 25 லிட்டர் எண்ணெய் கொள்வது. எண்ணெய் 175 பாகை செல்சியஸை ஒட்டிக் காய்ந்ததும், சித்தப்பா சட்டிக்கு மேலேயே சீவுகட்டையைப் பிடித்து, தோல் உரித்த காய்களை நேராக எண்ணெய்க்குள் சீவுவார். ஒரு ஈட்டுக்கு ஏறத்தாழ மூன்று கிலோ பச்சைக்காய் விழுகிறது. பச்சைக்காயில் பாதிக்கும் மேல் தண்ணீர்தான் என்பதால், விழுந்த நொடியில் எண்ணெய் பொங்கி எழும். அதன் சூடும் சட்டென்று இறங்கும். அந்த நேரத்தில் அடுப்பு முழு வேகத்தில் எரிய வேண்டும், இல்லாவிட்டால் சீவல்கள் எண்ணெயைக் குடித்துச் சொதசொதவென்று ஆகிவிடும். சில நிமிடங்களில் பொங்கல் அடங்கத் தொடங்கும். அப்போது மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரை ஒரு கரண்டி தெளிப்பார்; சோவென்ற இரைச்சலுடன் எண்ணெய் மறுபடி பொங்கி அடங்கும். அரிகரண்டியால் கிளறும்போது சீவல்கள் ஒன்றோடொன்று உரசிச் சலசலவென்று ஒலி கேட்கத் தொடங்கியதும் தீயை நான்கில் ஒரு பங்குக்கு இறக்க வேண்டும். அரை நிமிடம் தாமதித்தாலும் நிறம் சிவந்துவிடும். ஆக, ஒரே நாளில் முப்பது நாற்பது முறை தீ ஏறவும் இறங்கவும் வேண்டும். பர்னர் செய்பவர்கள் பெரும்பாலும் எவ்வளவு பெரிய தீ வரும் என்பதையே காட்டி விற்கிறார்கள். எங்களுக்கு வேண்டியதோ, குறைத்து வைத்தாலும் நீலம் கலையாமல் நிற்கும் தீ.

கோட்டாற்றுப் பட்டறைக்காரர் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பதை அவருடைய பர்னரைக் கழற்றிப் பார்த்த அன்றே அறிந்தேன். ஆறு அங்குல விட்டமுள்ள ஒரு வெளிக்குழாய். அதற்குள் சிறிதான ஓர் உட்குழாய். இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. புளோயரின் காற்று நேராகத் தீயில் அடிப்பதில்லை. முதலில் அந்த இடைவெளிக்குள் நுழைந்து சுற்றி வருகிறது. அப்படிச் சுற்றும்போது உட்குழாயின் சுவரைக் குளிர்விக்கிறது, தானும் சூடேறுகிறது. பிறகு உட்குழாயில் சாய்வாகத் துளைக்கப்பட்ட மூன்று வரிசைத் துளைகள் வழியாக உள்ளே பாய்கிறது. அடி வரிசையில் 3 மில்லிமீட்டர் துளைகள் 12, நடு வரிசையில் 4 மில்லிமீட்டர் துளைகள் 16, மேல் வரிசையில் 5 மில்லிமீட்டர் துளைகள் 24 இருக்கின்றன. துளைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதால் காற்று சுழலாக எழுகிறது. அடிக் கிண்ணத்தில் சொட்டும் எண்ணெயைக் கொஞ்சம் காற்று கொடுத்து ஆவியாக்குவதும், மேலே போகப்போகக் கூடுதல் காற்று கொடுத்து அந்த ஆவியை எரித்து முடிப்பதும் இந்த அமைப்பின் நோக்கம்.

காற்றைப் பற்றி இவ்வளவு அக்கறை ஏன் என்று கேட்கலாம். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் முழுமையாக எரிய ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்று வேண்டும். மணிக்கு இரண்டு லிட்டர் எரிக்கும் அடுப்பு, ஒரு சிறிய அறையின் காற்று முழுவதையும் ஒரே மணி நேரத்தில் குடித்துவிடும் என்று சொன்னால் அளவு புரியும். இந்தக் காற்று போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. எண்ணெய் ஆவியோடு நன்கு கலக்கவும் வேண்டும். 1780-களில் ஆர்காண்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் திரியை வட்டமாக்கி, அதன் நடுவிலும் காற்று ஏறும்படி செய்து, மேலே கண்ணாடிக் குழாயும் பொருத்தியபோது அதே எண்ணெய் பல மடங்கு வெளிச்சம் கொடுத்தது. காற்றுக்கு வழி அமைப்பதுதான் அன்று தொட்டு எண்ணெயை எரிக்கும் கலையின் பெரும்பகுதியாக இருந்து வருகிறது.

இந்தப் பர்னரில் எனக்கு மிகவும் பிடித்தவை வேறு இரண்டு அம்சங்கள். முதலாவது, எண்ணெயும் காற்றும் ஒரே நெம்புகோலில் இணைக்கப்பட்டிருப்பது. நெம்புகோலை இறக்கினால் எண்ணெயின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வு குறுகும்போதே புளோயர் வாயில் உள்ள தகடும் அதற்கேற்ற அளவுக்கு மூடிக்கொள்கிறது. பழைய பர்னரில் எண்ணெயைக் குறைத்தால் காற்று மிகுந்து தீ அணையும். காற்றைக் குறைத்தால் புகை வரும். இரண்டு கையால் இரண்டு வால்வைத் திருகிக்கொண்டு, மூன்றாவது கையால்தான் அரிகரண்டி பிடிக்க வேண்டியிருக்கும் என்று சித்தப்பா வருத்தப்படுவார். இப்போது அவர் கால் பக்கமுள்ள கம்பியை ஒரு கையால் தள்ளினால் போதும். "இப்பதான் தீ சொன்னபடி கேக்குது" என்று முதல் வாரத்திலேயே சொன்னார். முப்பது ஆண்டுகளாகச் சட்டிக்கு முன்னால் நிற்பவர் அவர்; என் அளவீடுகளைவிட இந்தச் சொல்லை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இரண்டாவது, தொட்டிக்கும் பர்னருக்கும் நடுவே வைத்துள்ள சிறிய மிதவை அறை. பைக்கின் கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை போன்றதே இது. தொட்டி நிறைந்திருக்கும்போது எண்ணெயின் அழுத்தம் மிகுதி, காலியாகும்போது குறைவு. இதனால் காலையில் வைத்த வால்வு மதியத்தில் வேறு அளவு கொடுக்கும். மிதவை அறை இருப்பதால் தொட்டியில் எவ்வளவு இருந்தாலும் பர்னருக்கு ஒரே மட்டத்திலிருந்துதான் எண்ணெய் இறங்குகிறது. இதற்காக அவர் கூடுதலாக வாங்கியது 900 ரூபாய்தான். மற்ற பட்டறைகளில் இதை நான் பார்க்கவில்லை.

எண்ணெயை நுண்துளியாகத் தெளிக்கும் பர்னர்களை ஏன் செய்வதில்லை என்று அவரிடம் கேட்டேன். நுண்ணிய துளையுள்ள நாசில் வழியாக எண்ணெயை உறிஞ்சித் தெளிக்கும் வகை டீசலுக்குப் பொருந்தும், ஆனால் மாவுத்துகளும் மஞ்சளும் கலந்த நம்முடைய எண்ணெயில் அது நாளுக்கு ஒரு முறை அடைத்துக்கொள்ளும் என்றார். இதற்கு மாற்றாக, 1960-களில் அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் பாபிங்டன் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. அதில் உள்ளீடற்ற ஓர் உருண்டையின் மேல் எண்ணெய் மெல்லிய படலமாக வழியும். உருண்டைக்குள்ளிருந்து நுண்துளை வழியாகச் சீறும் காற்று அந்தப் படலத்தைத் துளிகளாக உடைக்கும். துளை வழியே காற்று மட்டுமே போவதால் எண்ணெய் எவ்வளவு அழுக்காக இருந்தாலும் அடைப்பு வராது. மிக அழகான கருத்து. ஆனால் அதற்குக் கம்ப்ரசர் வேண்டும், வழிந்த எண்ணெயைத் திரும்ப மேலேற்ற ஒரு பம்பும் வேண்டும். சிறு கூடத்துக்கு அந்தச் செலவு தாங்காது. சொட்டுவிட்டு ஆவியாக்கும் எளிய முறையையே எடுத்துக்கொண்டு, அதன் காற்று வழியைத் திருத்தியதுதான் சரியான தேர்வு என்று நானும் கருதுகிறேன்.

இனி நான் அளந்தவை. வாங்கிய வாரத்தில், பழைய பர்னரைப் பரணிலிருந்து இறக்கி, இரண்டையும் ஒரே அலுமினியப் பாத்திரத்தில் 20 லிட்டர் தண்ணீர் வைத்துச் சோதித்தேன். தண்ணீர் தொடக்கத்தில் 28 பாகை; 98 பாகை ஆகும்வரை எரித்தேன். பழைய பர்னர் 17 நிமிடத்தில் 700 மில்லி எண்ணெயைக் குடித்தது. புதியது 14 நிமிடத்தில் 450 மில்லியில் முடித்தது. ஒரு லிட்டர் சமையல் எண்ணெயில் ஏறத்தாழ 34 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது என்று கொண்டால், பழையதில் கால் பங்கு வெப்பம்தான் தண்ணீரில் சேர்ந்திருக்கிறது. புதியதில் நூற்றுக்கு 38 பங்கு சேர்ந்திருக்கிறது. மீதி வெப்பம் பாத்திரத்தைச் சுற்றி வெளியேறுவதுதான். அதைக் குறைக்கச் சட்டியைச் சுற்றிச் செங்கல் சுவர் எழுப்ப வேண்டும், அது பர்னரின் பொறுப்பு ஆகாது. பாத்திரத்தின் அடிப்பாகத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். பழைய பர்னரில் துணி கன்னங்கரேலென்று ஆயிற்று. புதியதில் இளம் சாம்பல் நிறக் கோடு மட்டும் விழுந்தது.

குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை பட்டறையின் பிழை. சமையல் எண்ணெய் 40 பாகையில் டீசலைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு கெட்டியாக இருக்கும். 90 பாகைக்குச் சூடேற்றினால் அந்தக் கெட்டித்தன்மை மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். அதனால் எண்ணெய்க் குழாயைப் பர்னரைச் சுற்றி வளைத்து முன்கூட்டியே சூடேற்றுவது நல்ல உத்தி. ஆனால் எனக்கு வந்த பர்னரில் அந்த வளையம் உட்குழாயின் வாய்க்கருகில், தீ நக்கும் இடத்தில் இருந்தது. மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை, ஈடு பாதியில் இருக்கும்போது தீ துடித்துத் துடித்து அணைந்தது. குழாயை அறுத்துப் பார்த்தபோது உள்ளே தார் போன்ற பிசினும் அதற்கு மேல் கரியும் இறுகி, ஊசி நுழையும் அளவுக்கே வழி மிச்சம் இருந்தது. மண்ணெண்ணெயை இப்படிச் சூடேற்றினால் அது தூய ஆவியாக மாறும். 1892-இல் சுவீடனில் லிண்ட்கிவிஸ்ட் செய்த பிரைமஸ் அடுப்பும், நம் வீடுகளில் இருந்த பம்பு ஸ்டவ்வும் அந்த முறையில்தான் எரிந்தன. சமையல் எண்ணெய் அப்படிக் கொதித்து ஆவியாவதில்லை. குழாய்க்குள்ளேயே சிதைந்து கரியாகிறது. மண்ணெண்ணெய் ஸ்டவ் மாதிரியைச் சமையல் எண்ணெய்க்கு அப்படியே பொருத்தியதுதான் பிழை.

நான் அறுத்த குழாயைப் பையில் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை காலை பட்டறைக்குப் போனேன். அவர் சண்டைக்கு வரவில்லை, என் மேல் பழி போடவும் இல்லை. குழாயின் உட்புறத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது என் தப்பு தம்பி. வளையத்தக் காத்து ஓடுற எடத்துக்கு மாத்தித் தாறேன், ரெண்டு நாள் பொறுங்க" என்றார். சொன்னபடியே, வளையத்தை வெளிக்குழாயைச் சுற்றி, காற்று உறையின் மேல் ஓடும்படி மாற்றித் தந்தார். அங்கே எண்ணெய் 85, 90 பாகையைத் தாண்டுவதில்லை. அதற்குப் பிறகு ஏழு மாதங்களில் குழாய் ஒரு முறைகூட அடைக்கவில்லை. இப்போது அவர் விற்கும் எல்லாப் பர்னர்களிலும் இந்த மாற்றம் இருக்கிறது. ஆனாலும் வாங்குபவர்கள் வளையம் எங்கே ஓடுகிறது என்று தாமே பார்த்துக்கொள்வது நல்லது. கூலி வாங்காமல் செய்தார் என்பதையும், ஆனால் இரண்டு நாள் வியாபாரத்தை நான் இழந்தேன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாவது பிரச்சினை பர்னரைச் சேர்ந்ததன்று. நம்முடைய எண்ணெயைச் சேர்ந்தது. அது உப்பு. சிப்ஸ் பொரிக்கும்போது தெளிக்கும் மஞ்சள் உப்புத் தண்ணீரில் தண்ணீர் ஆவியாகிவிடுகிறது. உப்பு போக இடமில்லாமல் எண்ணெயிலேயே தங்குகிறது. எண்ணெயில் உப்பு கரையாது. பொடிப்பொடியான மணலாக அடியில் படியும். இதை அறியாமல் முதல் மாதம் எண்ணெயைத் துணியில் வடிகட்டி மட்டும் ஊற்றினேன். ஊசி வால்வின் முனையில் வெள்ளைப் பொருக்குக் கட்டியது. கிண்ணத்தின் ஓரத்தில் துரு புள்ளிப்புள்ளியாகத் தோன்றியது. துருப்பிடிக்காத எஃகும் உப்பின் முன் தோற்றுவிடும் என்பது குளச்சல், முட்டம் பக்கம் படகு வைத்திருப்பவர்கள் அனைவருக்கும் தெரிந்ததுதான். பஜ்ஜி, வடை போடும் கடைகளின் எண்ணெயில் இந்தத் தொல்லை குறைவு. சிப்ஸ், மிக்சர் கூடங்களின் எண்ணெயில் மிகுதி.

இப்போது நான் செய்யும் முறை இது. கழித்த எண்ணெயை ஆறவிட்டு, முதலில் கம்பி வலையிலும் பிறகு இரட்டை மடிப்புத் துணியிலும் வடிக்கிறேன். அதில் பத்தில் ஒரு பங்கு வெந்நீர் ஊற்றி மெதுவாகக் கலக்கி, ஓர் இரவு முழுவதும் அசையாமல் வைக்கிறேன். உப்பு தண்ணீரோடு அடியில் இறங்கிவிடும். அடிக்குழாயைத் திறந்து அந்தத் தண்ணீரை வடித்தபின், எண்ணெயைத் திறந்த பாத்திரத்தில் 110 பாகைவரை காய்ச்சுகிறேன், சடசடப்பு நிற்கும்வரை. ஒரு சொட்டுத் தண்ணீர் மிஞ்சியிருந்தாலும் பர்னர் கிண்ணத்தில் வெடித்துத் தெறிக்கும். வேலை செய்யும் நேரம் வாரத்துக்கு மூன்று மணி வரை ஆகிறது. இந்த மூன்று மணி நேரத்தை ஒதுக்க முடியாதவர்கள் பர்னர் வாங்கினால் மாதம் ஒரு முறை பட்டறைக்கு அலைய வேண்டியிருக்கும்.

மார்கழியில் இன்னொன்று நடந்தது. எங்கள் எண்ணெயில் பெரும்பகுதி தேங்காயெண்ணெய். அது 24, 25 பாகையில் உறையும். ஒரு விடியற்காலை, தொட்டியில் எண்ணெய் இருந்தும் பர்னருக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை. குழாயைத் தட்டிப் பார்த்தால் மெழுகுத்திரியைத் தட்டுவது போன்ற ஒலி. வெந்நீரில் நனைத்த துணியைக் குழாய் நெடுகச் சுற்றி, அரை மணி நேரம் கழித்துத்தான் அடுப்பு எரிந்தது. முந்தின நாள் இரவே, அணைப்பதற்கு முன் இரண்டு நிமிடம் டீசலில் ஓட்டிக் குழாயை நிரப்பி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. பட்டறைக்காரர் இதற்கென ஒரு சிறு தொட்டியும் மூவழி வால்வும் 650 ரூபாய்க்குப் பொருத்தித் தந்தார். தேங்காயெண்ணெய் பயன்படுத்தும் நம் மாவட்டத்துக்கு இதை முதலிலேயே சேர்த்து விற்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பற்றவைப்பது கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. சமையல் எண்ணெய் எளிதில் தீப்பற்றாது. டீசலின் தீப்பற்று நிலைக்கு இந்தியத் தரவிதி 35 பாகை என்று கீழ்வரம்பு வைத்திருக்க, சமையல் எண்ணெய்க்கு அது 250 பாகைக்கும் மேல். பாதுகாப்பு என்ற வகையில் இது நன்மை. தொட்டி கசிந்தாலும் உடனே பற்றிக்கொள்ளாது. ஆனால் குளிர்ந்த கிண்ணத்தில் எண்ணெய் எரியாது. டீசலில் நனைத்த துணித்துண்டைக் கிண்ணத்தில் வைத்துக் கொளுத்தி, கிண்ணம் நன்றாகச் சூடேறும்வரை நான்கு நிமிடம் காத்திருந்து, பிறகே எண்ணெயைச் சொட்டவிட வேண்டும். அவசரப்பட்டால் தொண்டையைக் கரகரக்கச் செய்து கண்ணைக் கலங்கடிக்கும் புகை எழும். எண்ணெயிலுள்ள கிளிசரின் சிதைந்து உண்டாகும் அக்ரோலீன் என்ற வாயுதான் அந்தப் புகையின் காரம். அதைச் சுவாசிப்பது நல்லதன்று. புகைபோக்கியும் எதிரெதிரே திறந்த சன்னல்களும் இல்லாத அறையில் இந்தப் பர்னரை வைக்கவே கூடாது. எங்கள் கூடத்தில் தகரக் கூண்டும் புகைபோக்கியும் அமைக்க 9,000 ரூபாய் ஆயிற்று. அந்தச் செலவை எந்த விற்பனையாளரும் முதலில் சொல்வதில்லை.

தீ அணைந்துவிட்டால் எண்ணெய் தொடர்ந்து சொட்டுமே என்ற அச்சம் எனக்கு இருந்தது. கிண்ணத்தின் கழுத்தில் ஒரு வழிதுளை வைத்து, அதிலிருந்து மூடியுள்ள ஒரு டின்னுக்குக் குழாய் இறக்கியிருக்கிறார். ஆனால் அதை நம்பி அடுப்பை விட்டு நகர்வது சரியன்று. தொட்டி பர்னரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். இணைப்புக்குப் பிளாஸ்டிக் குழாய் கூடாது. பக்கத்தில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்க வேண்டும். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதை வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.

புளோயர் 12 வோல்ட்டில் ஓடுவது. 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் அடித்தபோது வாழையும் ரப்பரும் சரிந்ததோடு மின்கம்பங்களும் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நாம் மறக்க முடியாது. அதனால் வீட்டு மின்சாரத்தில் மட்டும் ஓடும் புளோயராக இருந்திருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன். ஒரு கார் பேட்டரியில் முழு நாளும் ஓடுகிறது. முழு வேகத்தில் இரைச்சல் உண்டு. சட்டிக்கு அருகில் நின்று பேச வேண்டுமானால் குரலைச் சற்று உயர்த்த வேண்டும். குறைந்த தீயில் முணுமுணுப்பு மட்டுமே.

பொருளைப் பற்றி ஒரு சொல். உட்குழாய்க்கு முதலில் 304 என்ற தரமுள்ள எஃகு போட்டிருந்தார். நாள்தோறும் 870 பாகையை ஒட்டிக் காய்வதும் ஆறுவதுமாக இருந்தால் அது செதில் செதிலாக உதிரும். நான்காவது மாதத்தில் மேல் வரிசைத் துளைகளின் ஓரம் அப்படித்தான் உதிரத் தொடங்கியது. 310 தரம் 1,000 பாகையைத் தாண்டியும் தாங்கும். விலை இரண்டு மடங்குக்கும் மேல். உட்குழாய் தனியே கழற்றி மாட்டும்படி இருப்பதால் மாற்றுவது கடினமாக இல்லை. ஓணம் முடிந்ததும் 310-இல் செய்து வாங்கி மாட்டினேன். நான்கு மாதமாகத் துளைகள் வாய் மழுங்காமல் இருக்கின்றன.

செலவுக் கணக்கை ஒளிவில்லாமல் சொல்கிறேன். முன்பு எங்கள் பெரிய சட்டிக்கு நாளுக்கு ஏழு கிலோ கேஸ் ஆகும். 19 கிலோ சிலிண்டர் மூன்று நாள் முழுதாக வராது. கடந்த ஆண்டு நான் சிலிண்டருக்குக் கொடுத்தது 1,900 ரூபாயை ஒட்டி என்பதால், நாளுக்கு 700 ரூபாய். இப்போது அதே வேலைக்கு 10 லிட்டர் கழிவு எண்ணெய் எரிகிறது. எங்களிடம் கழிவது வாரத்துக்கு 15 லிட்டர்தான். மீதியைப் பக்கத்து பேக்கரிகளிலும் டீக்கடைகளிலும் கிலோ 40 ரூபாய்க்கு வாங்குகிறேன். சொந்த எண்ணெய்க்கும் அதே விலையைப் போட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதை எரிக்காமல் விற்றால் அந்தப் பணம் கைக்கு வரும். அப்படிப் பார்த்தால் நாளுக்கு 370 ரூபாய். வடிகட்டும் வேலை, பற்றவைக்கும் டீசல் எல்லாம் கழித்து நாளுக்கு 250 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். பர்னர், புகைபோக்கி, புதிய உட்குழாய் எல்லாம் சேர்த்த முதலீடு ஐந்தாவது மாத இறுதியில் திரும்பிவிட்டது. நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் அடுப்பு எரிக்கும் சிறு கடைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அவர்கள் கேஸிலேயே இருப்பது நல்லது.

எண்ணெயைப் பற்றி ஒரு சட்ட விவரமும் இங்கே தேவை. 2018 ஜூலை 1 முதல், எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்வதால் உண்டாகும் மொத்தத் துருவச் சேர்மங்கள் நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டிய எண்ணெயில் உணவு பொரிக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருக்கிறது. கழித்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் செய்யவும் அந்த ஆணையம் அதே ஆண்டில் ஒரு திட்டம் தொடங்கியது. கழித்த எண்ணெய் எரிபொருளாகப் போவதில் எனக்குப் பெரிய நிம்மதி உண்டு. அது மறுபடி யாருடைய தட்டுக்கும் போகவில்லை என்பது உறுதி. பர்னர் வந்தபின் எங்கள் சட்டியில் எண்ணெயை மாற்றுவதில் கை தயங்குவதில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

வாகனப் பட்டறைகளின் கறுப்பு எஞ்சின் ஆயிலை இதில் எரிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். எரியும். ஆனால் தேய்ந்த உலோகத் துகள்களும் சேர்க்கைப் பொருள்களும் அதில் கலந்திருக்கின்றன. 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் பட்டியலில் அது இருக்கிறது. உணவு சமைக்கும் கூரையின் கீழ் அதைக் கொண்டுவரவே கூடாது. பட்டறைக்காரரும் இதற்கு விற்க மறுத்துவிடுகிறார் என்பது எனக்கு மகிழ்ச்சி.

இப்போது இரண்டாவது சட்டிக்கும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். அதில் மூன்று மாற்றங்கள் கேட்டேன்: உட்குழாய் முதலிலிருந்தே 310-இல் இருக்க வேண்டும், ஊசி வால்வை ஸ்பேனர் இல்லாமல் கையால் கழற்றிக் கழுவும்படி வைக்க வேண்டும், டீசல் சிறு தொட்டி கூடவே வர வேண்டும். விலை 19,000 ஆகும் என்றார். முன்பணம் கொடுத்துவிட்டேன்; தை முடிவதற்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.